பாலமா, அணையா?

நேயர்களுக்கு வணக்கம். லண்டன் பாலம் என்றதும் பலருக்கும் மனத்தில் வருவது இரண்டு கோபுரங்களோடு நிற்கிற அந்தப் படம்தான். அது டவர் பாலம். 1894-இல் திறந்தது, லண்டன் கணக்கில் நேற்றுப் பிறந்த பிள்ளை. நான் பேச வந்தது அதற்குக் கொஞ்சம் மேற்கே, தேம்ஸ் ஆற்றின் குறுக்கே 600 ஆண்டுகளுக்கு மேல் நின்று, பிறகு இல்லாமல் போன கல் பாலத்தைப் பற்றி.

1176-இல் வேலையைத் தொடங்கியவர் கோல்சர்ச் பீட்டர் என்ற பாதிரியார். முடிந்தது 1209-இல். அதைப் பார்க்க அவர் இல்லை, 1205-லேயே இறந்துவிட்டார். பாலத்தின் மேலேயே இருந்த சிற்றாலயத்தில்தான் அவரைப் புதைத்தார்கள்.

'இத்தனை கண் பாலம்' என்று நாம் சொல்வோமே, அந்தக் கணக்கில் இது 20 கண். கல் வளைவு 19, கப்பல் போக மரத் தூக்குப்பாலம் ஒன்று. மேலே வரிசையாக வீடுகள், கடைகள். வாயிலில் துரோகிகள் என்று கொல்லப்பட்டவர்களின் தலைகளை ஈட்டியில் குத்தி வைத்தார்கள். தலைக்கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்குச் சுவாரசியம் காலில்தான்.

தூணின் காலடியைத் தண்ணீர் அரிக்காமலிருக்க, சுற்றிலும் படகு வடிவத்தில் மரக்கட்டைகளை நெருக்கமாக அடித்து, உள்ளே கல்லைக் கொட்டினார்கள். இதற்கு 'ஸ்டார்லிங்' என்று பெயர். திட்டு என்று வைத்துக்கொள்வோம். திட்டு ஆற்றை அடைத்தது. மிச்சமிருந்த சந்தில் தண்ணீர் சீறிப் பாய்ந்தது. அந்த வேகம் திட்டையே அரித்தது. சரி, இன்னும் கட்டை அடி, இன்னும் கல்லைக் கொட்டு! திட்டு பெருத்தது, சந்து இன்னும் குறுகியது. தலைமுறை தலைமுறையாக இதே வேலைதான்.

தேம்ஸில் கடல் ஏற்றம் லண்டன் வரை வரும். அது வற்றும் நேரத்தில் பாலத்துக்கு மேற்கே நீர்மட்டம் உயர்ந்தும், கிழக்கே தாழ்ந்தும் நிற்கும். வித்தியாசம் 6 அடி வரை போகும். அந்தச் சரிவில் படகை விடுவது உயிரோடு விளையாடுவது. 1428-இல் நார்ஃபோக் பிரபுவின் படகு திட்டுக் கட்டைகளில் மோதிக் கவிழ்ந்தது. அவர் தப்பினார், கூட வந்தவர்கள் பலர் மூழ்கினார்கள். எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சரான கார்டினல் வுல்ஸி கெட்டிக்காரர். பாலத்துக்கு முன்பே கரையேறி, பாலத்துக்குக் கிழக்கே இருந்த பில்லிங்ஸ்கேட் துறை வரை தரைவழியாக வந்து, மறுபடி படகு ஏறுவார். புத்திசாலி பாலத்தின் மேலே போவான், முட்டாள் கீழே போவான் என்று அந்த ஊரில் ஒரு சொலவடையே இருந்தது.

போதாக்குறைக்கு 1580-களில், நகருக்குத் தண்ணீர் இறைக்க, வடகரைப் பக்கத்து வளைவுகளில் நீர்ச்சக்கரங்களைப் பொருத்தினார்கள். அடைப்பு இன்னும் கூடியது. மேற்கே நீர் தேங்கியதால் கடுங்குளிரில் ஆறு உறைந்து போகும். அந்தப் பனிக்கட்டியின் மேல் சந்தையே கூடும். கடைசிச் சந்தை 1814-இல்.

வீடுகளை இடித்த 1750-களின் கடைசியில், படகுகளுக்கு வசதியாக நடுவே ஒரு தூணை எடுத்துவிட்டு இரண்டு கண்ணை ஒன்றாக்கினார்கள். அப்புறம்தான் வினை. அடைபட்டிருந்த ஆறு அந்த ஒரே வாயில் வழியாகப் பாய்ந்து, பக்கத்துத் தூண்களின் அடியைத் தோண்டியது. பொறியாளர் ஜான் ஸ்மீட்டனைக் கூப்பிட்டார்கள். அவர் சொன்ன வைத்தியம் என்ன தெரியுமா? இடித்து விற்றிருந்த பழைய நகர வாயில்களின் கற்களைத் திரும்ப வாங்கி ஆற்றில் கொட்டுங்கள்! நகராட்சி விற்ற கல்லையே காசு கொடுத்து வாங்கிக் கொட்டியது. ஆக, மறுபடியும் கல்தான்.

1831-இல் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தார்கள். பழையதைப் பிரித்துப் போட்டார்கள். அடைப்பு விலகியதும் ஏற்றமும் வற்றமும் தடையில்லாமல் ஓடின. லண்டனில் தேம்ஸ் மேல் சந்தை மறுபடி கூடவேயில்லை.

அந்தப் பக்கம் போனால், வடகரையில் செயின்ட் மேக்னஸ் தேவாலயத்தின் கோபுர அடியைப் பாருங்கள். திறந்த வாசல் ஒன்று இருக்கும். பழைய பாலத்துக்கு நடந்து போனவர்கள் அதற்குள் நுழைந்துதான் போனார்கள்.