சக்கரம் எண்ணிய பலகை
(நாகர்கோவிலில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, நண்பர்களே,

போன மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன் வெள்ளிக் காசு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். சங்கு முத்திரையும் 1112 என்ற எண்ணும் இருந்தன. "குலோத்துங்க சோழன் காலத்துக் காசு, சார்" என்றான். கணக்கில் பிழை இல்லை. 1112-இல் முதற் குலோத்துங்கன்தான் ஆண்டான். ஆனால் காசில் இருந்தது மலையாள நாட்டுக் கணக்கான கொல்லம் ஆண்டு. 824 அல்லது 825-ஐக் கூட்டிப் பாருங்கள்: 1936-37 வரும். நம் ஊர் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில் அங்கே 'பணம்' என்று வழங்கிய காசு அது. பையனுக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கு வருத்தம் வேறு. அவனுடைய பாட்டி அதைத் திருநீறு போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொடுத்திருந்தார்.

நாணயம் என்றால் காசு, நேர்மை என்று இரண்டு பொருள் உண்டு என்பதைப் பட்டிமன்றத்தார் போதுமான அளவு சொல்லிவிட்டார்கள். நான் நம் ஊர்ச் சொற்களுக்கு வருகிறேன். 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. அந்த வெற்றியைச் சொல்லும் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. ஆனால் 'துட்டு' என்று நாம் சொல்வது அந்த டச்சுக்காரனின் செப்புக் காசின் பெயரைத்தான். ஆளைக் கடலோடு அனுப்பிவிட்டோம், அவன் சில்லறை நம் வாயில் தங்கிவிட்டது. அதற்கு ஈடாக, நம் 'காசு' போர்ச்சுக்கீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், சின்னக் காசுக்கு 'கேஷ்' என்ற பெயர் ஆனது. (ரொக்கம் என்று பொருள்படும் 'கேஷ்' வேறு சொல்.)

இங்கே பெரியவர்கள் பணத்தையே 'சக்கரம்' என்பார்கள். 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு ரூபாய். திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம், பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½. எல்லையான ஆரல்வாய்மொழியைத் தாண்டிப் பிரிட்டிஷ் பகுதிக்குப் போனால் அணா, பைசா. அந்த அரைச் சக்கர வித்தியாசத்தில் எத்தனை வியாபாரிகள் வாய்ச்சண்டை போட்டிருப்பார்கள்! 1949 வரை சக்கரம் அச்சாகியது. 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். ஐந்து மாதத்தில், 1957 ஏப்ரல் 1-இல், நயா பைசா வந்துவிட்டது. பத்து ஆண்டு முடிவதற்குள் மூன்று வாய்ப்பாடு படித்த தலைமுறை நம் மாவட்டத்தில் இருந்தது.

பழைய வெள்ளிச் சக்கரம் மிகச் சிறியது. விரலிடுக்கில் நழுவினால் தரையில் தேட வேண்டியதுதான். அதை எப்படி எண்ணுவது? அதற்கென்றே ஒரு மரப்பலகை இருந்தது. வரிசை வரிசையாகச் சிறு குழிகள்; ஒரு குழியில் ஒரு காசுதான் அடங்கும். கைநிறைய அள்ளிப் போட்டு, குலுக்கி, மிஞ்சியதைக் கையால் வழித்துவிட்டால் கணக்கு முடிந்தது. இத்தனை எளிய கருவியைச் செய்த தச்சனின் பெயர் நமக்குத் தெரியாது. ராஜாக்களின் பெயர்தான் தெரியும்.

இனி, தேய்ப்பதைப் பற்றி. காசை ஆய்வாளர் முதலில் தராசில் வைப்பார். எடை குறைந்திருந்தால் வெள்ளி குறைத்து அச்சடித்தார்களா, பல கை மாறித் தேய்ந்ததா என்று பார்ப்பார். பாட்டி தேய்த்த காசில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. சதுரச் செப்புக் காசு ஒன்றில் குதிரைக்கு மேலே 'பெருவழுதி' என்று தமிழின் பழைய வரிவடிவமான தமிழ்-பிராமி எழுத்து இருந்ததை நம் நாகர்கோவில்காரர், நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி கண்டு சொன்னார். புலவர் பாட்டில் மட்டும் கேட்ட பாண்டியர் பெயர் உலோகத்தில் கிடைத்தது. அந்த எழுத்து மழுங்கியிருந்தால் அது பழைய இரும்புக் கடைச் சரக்கு.

புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 1898-இல் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளி வெட்டு. ஏன் வெட்டினார்கள் என்று இன்னும் வாதாடுகிறார்கள். மொத்தமாக ஒரே இடத்தில் கிடைத்ததால்தான் அந்த வாதமே சாத்தியம். ஆளுக்கொன்றாக உருக்கியிருந்தால் வெறும் நகைகள்தான் மிஞ்சியிருக்கும்.

வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது காசு கிடைத்தால் ஒளிக்காதீர்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். (விலைவாசி ஏறியது அந்தச் சட்டத்துக்குத் தெரியாது.) எவ்வளவு ஆழம், பானையிலா துணியிலா, பக்கத்தில் என்ன இருந்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

மேஜைமேல் சக்கரப் பலகை ஒன்று வைத்திருக்கிறேன். நூறு குழி. வந்து குலுக்கிப் பாருங்கள். எப்படிக் குலுக்கினாலும் மூன்று குழி காலியாகவே இருக்கும். அந்த மூன்றும் என் பாட்டியின் மெட்டியில் போய்விட்டன.