ரெண்டு பேரும் ஒரே காலேஜ்

வணக்கம் நேயர்களே. 32 வருடம் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்தியவள் நான். பொறியியல் கலந்தாய்வு வந்துவிட்டால் என் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள், சேர விரும்பும் கல்லூரி, பாடப் பட்டியலோடு வந்து உட்காருவார்கள். கணக்குக்கு 100, இயற்பியல், வேதியியல் தலா 50, ஆக 200-க்குக் கட்-ஆஃப் என்பதெல்லாம் அவர்களுக்கே அத்துப்படி. என்னிடம் கேட்பது வேறு. "டீச்சர், நாங்க ரெண்டு பேரும் ஒரே காலேஜ்ல சேர என்ன செய்யணும்?"

விளையாட்டுக் கேள்வி இல்லை இது. பதினேழு வயதில் தெரியாத ஊர் விடுதிக்குப் போகிற பிள்ளை, பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்று இருக்கட்டும் என்று நினைப்பது நியாயம்தான்.

ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்திக்கு 188.5, மற்றவளுக்கு 181. முதல் பெண்ணின் அப்பா கொத்தனார். லீவு நாளில் அவரோடு போய்த் தூக்குக்குண்டு பிடித்து வளர்ந்தவள், சிவில் தவிர வேறு பேச்சே கிடையாது. லாங் சைஸ் நோட்டை வாங்கிப் பார்த்தேன். முதல் வரியில் கல்லூரி எண் 2005, பக்கத்தில் சிவிலுக்கான சிஇ என்று எழுதி, அந்த சிஇ-யை ரப்பரால் அழித்து, மேலே கம்ப்யூட்டர் சயின்ஸுக்கான சிஎஸ் என்று எழுதியிருந்தாள். அழித்த இடத்தில் தாள் மெலிந்து, அடுத்த பக்கத்துக் கோடு தெரிந்தது. தோழி அதைத்தான் கேட்கிறாளாம், அதனால் இவளும்.

சரி, இப்போது கவனமாகக் கேளுங்கள். முன்பெல்லாம் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போய், மீதி இடத்தைத் திரையில் பார்த்து எடுப்போம். 2018 முதல் எல்லாம் ஆன்லைன். தரவரிசைப்படி ஒவ்வொருவர் பட்டியலையும் மேலிருந்து பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தைக் கொடுக்கிறார்கள். 188.5-க்கு முதலில் கிடைத்துவிடும். 181-இன் முறை வரும்போது அதே இடம் இருக்குமா? கலந்தாய்வு தரவரிசைப்படி சுற்றுச் சுற்றாக நடக்கும், இருவருக்கும் சுற்றே வேறாகக்கூட இருக்கலாம். ஒரே பட்டியல் எழுதினால் ஒரே கல்லூரி கிடைத்துவிடாது. இன்னொரு முறை சொல்கிறேன், கிடைத்துவிடாது. தோழியும் பக்கத்தில் இருக்க மாட்டாள், ஆசைப்பட்ட சிவிலும் போய்விடும். மேலே உள்ளது ஒதுக்கப்பட்டுவிட்டால் அதற்குக் கீழே எழுதியவற்றைக் கணினி பார்ப்பதே இல்லை.

"பாடத்தை அவளவள் தனியாக எழுதுங்கள், ஊரைச் சேர்ந்து எழுதுங்கள்" என்றேன். கோவையையே பாருங்கள். தடாகம் சாலையில் அரசுக் கல்லூரி, பீளமேட்டில் இரண்டு பெரிய கல்லூரிகள், ஊரைச் சுற்றி இன்னும் எத்தனையோ. சிவில்காரிக்குத் தடாகம் சாலையில் கிடைத்தது. மற்றவளுக்கு ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ். நான்கு வருடமும் ஞாயிற்றுக்கிழமை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் சந்தித்துக்கொண்டார்கள். தீபாவளிக்கு ஊருக்கு வந்ததும் ஒரே பஸ்ஸில்தான்.

ஒரே பாடத்துக்கு இரண்டு கல்லூரி ஏறக்குறைய சமமாக நின்றால், அங்கே தோழி இருக்கும் பக்கம் தாராளமாகச் சாயலாம். நானே சொல்லிச் சாய வைத்திருக்கிறேன்.

விடுதி பற்றியும், கலைக் கல்லூரிகள் பற்றியும் பேச நினைத்தேன். நேரம் முடிந்துவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள், கல்விக் கட்டணச் சலுகை உண்டு. வணக்கம்.