ஜெராச்சேயில் மாட்டிக்கொண்ட அண்ணன்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். எதிரணிக்கும் ஒரு வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். பதினோராம் நூற்றாண்டில் தென் இத்தாலியிலும் சிசிலியிலும், வட பிரான்சின் நார்மண்டியிலிருந்து போன நார்மானியர் வென்று நிலைத்ததற்குப் பெரிதும் காரணம் அண்ணன் ராபர்ட் கிஸ்கார்டா, தம்பி ரோஜரா? தம்பியே என்று பேச வந்திருக்கிறேன். வாதங்களை எல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார், முடித்துவிட்டு இறங்குகிற நேரத்தில் ஒரு வார்த்தையை வீசிவிட்டுப் போனார். "குதிரை திருடியவனுக்கா இவர்கள் வக்காலத்து வாங்குகிறார்கள்?" என்றார். நீங்களும் அரங்கம் அதிரக் கை தட்டினீர்கள். இனி நான் வரிசையைப் பார்ப்பேனா? முதலில் அந்தக் குதிரையைக் கட்டிப்போட்டுவிட்டுத்தான் மறுவேலை.

ஆமாம், ரோஜர் குதிரை திருடினார். தென் இத்தாலியின் மெல்ஃபி என்ற ஊரில், இரவில், ஒரு பணியாளை உடன் அழைத்துக்கொண்டு போய்த் திருடினார். அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் ஏன் திருடினார் என்று அம்மையார் சொன்னாரா? நார்மண்டியில் ஓத்வில் என்று ஒரு சிற்றூர். அங்கே தான்கிரெட் என்று ஒரு சிறிய பிரபு. அவருக்கு மனைவியர் இருவர், மகன்கள் பன்னிரண்டு பேர். இருந்த நிலத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு ஒரு வரப்புதான் மிஞ்சும். அதனால்தான் மூத்தவர்கள் ஒவ்வொருவராகக் கூலிப்படை வீரர்களாகத் தெற்கே கிளம்பினார்கள். "இரும்புக்கை" வில்லியம் 1042இல் தென் இத்தாலியின் அபுலியாப் பகுதியில் தலைவரானார். அவருக்குப் பின் த்ரோகோ, அவருக்குப் பின் ஹம்ஃப்ரி, 1057இல் ராபர்ட். கடைக்குட்டி ரோஜர் வந்து சேர்ந்தபோது நல்ல இடம் எல்லாம் அண்ணன்மார் கையில். ராபர்ட் தம்பியை நன்றாகப் பயன்படுத்தினார். இத்தாலியின் தென்முனையான கலாபிரியாவில் கோட்டை கோட்டையாகப் பிடிக்கவைத்தார். கூலி கேட்டால் மட்டும், "நம் வீட்டுப் பிள்ளைதானே, அப்புறம் பார்க்கலாம்!" இந்த அரங்கில் இருக்கிற தம்பிகளே, இந்த வசனம் உங்களுக்குப் புதிதா?

சரி, அண்ணன் மட்டும் யோக்கியமா? சான் மார்க்கோ கோட்டையில் ராபர்ட் தொடக்க நாட்களில் எப்படிப் பிழைத்தார்? கொள்ளையடித்துப் பிழைத்தார். பிசிஞ்ஞானோவில் பீட்டர் என்று ஒரு செல்வர் இருந்தார். ராபர்ட் அவரை "அப்பா" என்று அழைப்பார். அவர் ராபர்ட்டை "மகனே" என்பார். ஒரு நாள் தனியாகப் பேச வேண்டும் என்று வரச் சொன்னார் மகன். அப்பா நம்பி வந்தார். அன்போடு தழுவுவது போலக் கழுத்தைக் கட்டிப் பிடித்து, குதிரையிலிருந்து இழுத்துத் தள்ளி, தூக்கிக்கொண்டு போய்ச் சிறை வைத்து, பொன் வாங்கிக்கொண்டுதான் விட்டார். அம்மையாரே, என் ஆள் குதிரையைத்தான் திருடினார். உங்கள் ஆள், குதிரைமேல் இருந்த மனிதரையே திருடினார்!

இன்னும் ஒன்று இருக்கிறது, அதற்குப் பதில் சொல்லிவிட்டுக் கை தட்டுங்கள். ரோஜர் குதிரை திருடியது அம்மையாருக்கு எப்படித் தெரியும்? ஜெஃப்ரி மலாத்தெர்ரா என்ற துறவி எழுதி வைத்ததால் தெரியும். அவரை எழுதச் சொன்னவர் யார்? ரோஜர்தான். அப்போது அவர் சிசிலியின் ஆட்சியாளர். ஒரு சொல் சொன்னால் போதும், ஏட்டிலிருந்து அந்தப் பகுதியையே சுரண்டி அழித்துவிடுவார்கள். ஆனால் அவரோ, "என் இழிவையும் எழுது; எவ்வளவு வறுமையிலிருந்து எவ்வளவு பாடுபட்டு வந்தேன் என்று எல்லோருக்கும் தெரியட்டும்" என்ற கருத்துப்படக் கட்டளையிட்டார். துறவி அதையே குறித்தும் வைத்திருக்கிறார். ஆட்சிக்கு வந்த பிறகு தன் திருட்டைத் தானே எழுதி வைக்கச் சொன்ன தலைவர்கள் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? நடுவர் கூரையைப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

இப்போது அண்ணனின் வீரத்துக்கு வருவோம். ராபர்ட் எப்படி இருப்பார் என்று, பைசாந்தியம் என்ற கிழக்கு ரோமப் பேரரசை ஆண்டவரின் மகள் அன்னா எழுதியிருக்கிறார். எதிரியின் மகள், அவரே வியந்து எழுதுகிறார். நெடிய உருவம், சிவந்த முகம், பரந்த தோள், தீப்பொறி பறக்கும் கண். ஒரு முழக்கம் போட்டால் பல்லாயிரம் பேர் ஓடுவார்களாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி 1062ஆம் ஆண்டுக்குப் போகிறோம்.

அண்ணன் தம்பிக்குக் கலாபிரியாவில் பாதி தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். தரவில்லை. அதற்குள் தம்பிக்குத் திருமணம். நார்மண்டியில் ஏழையாக இருந்தபோது வாய் திறந்து கேட்கவும் முடியாத உயர்குடிப் பெண் ஜூடித், கடல் கடந்து தெற்கே வந்து சேர்ந்தாள். புது மனைவிக்கு உரிமையாகக் கொடுக்கக் கணவனிடம் ஒரு துண்டு நிலம் கிடையாது. தம்பி கேட்டார், அண்ணன் மறுத்தார், சண்டை மூண்டது. தம்பி இருந்த மிலேட்டோ என்ற ஊரை அண்ணன் முற்றுகையிட்டார். தம்பி இரவோடு இரவாக நழுவி ஜெராச்சே என்ற மலையூருக்குப் போனார். அது அண்ணனுக்கு அடங்கிய ஊர். அந்த ஊர்க்காரர்களோ தம்பிக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

அண்ணனுக்குக் கோபம். படையோடு ஜெராச்சேக்கு வந்தார். மதில் உயரம், ஊருக்குள் நுழைய வழியில்லை. உள்ளே பசில் என்று ஒரு பெரிய மனிதர் அவருக்கு வேண்டியவர். "வாருங்கள், சாப்பிட்டுக்கொண்டே பேசலாம்" என்றார். ராபர்ட் என்ன செய்தார்? முக்காடு போட்டுக்கொண்டு தனியாக ஊருக்குள் நுழைந்தார்!

நடுவர் அவர்களே, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிடலாம். தீப்பொறி பறக்கும் அந்தக் கண்ணையும், கதவுநிலை கொள்ளாத அந்தத் தோளையும் ஒரு முக்காட்டில் மறைக்க முடியுமா?

உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். அடுப்பில் சாப்பாடு ஆகிக்கொண்டிருக்கிறது. ஒரு வேலைக்காரர் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. அந்தச் சாப்பாட்டை ராபர்ட் சாப்பிட்டாரா இல்லையா என்று எழுதியவர் குறிப்பிடவில்லை. எனக்கு மிகவும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிற செய்தி அது. ஊரே திரண்டு வந்து வீட்டைச் சூழ்ந்துகொண்டது. விருந்துக்கு அழைத்த பசிலைக் கொன்றார்கள். அவர் மனைவியைக் கழுவில் ஏற்றினார்கள். சிரிப்பதற்கு உரிய இடம் இல்லை அது. அபுலியாவுக்கும் கலாபிரியாவுக்கும் பிரபு, போப்பாண்டவர் இரண்டாம் நிக்கோலாஸ் 1059இல் மெல்ஃபியில் பட்டம் கட்டிய பெருமகன், ஒரு மலையூர்க் கூட்டத்தின் நடுவே ஒற்றை ஆளாக நிற்கிறார். பல்லாயிரம் பேரை ஓட்டும் முழக்கம் அன்றைக்கு எங்கே போயிற்று? நயமாகப் பேசித்தான் உயிரைக் காப்பாற்றிக்கொண்டார். சிறையில் அடைத்தார்கள். வெளியே நின்ற படைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. யாரிடம் ஆள் அனுப்பினார்கள்?

பின்வரிசைக்காரர்கள் முந்திக்கொள்கிறீர்கள். ஆமாம், தம்பியிடம்தான்! நேற்றுவரை யாரை முற்றுகையிட்டார்களோ அந்தத் தம்பியிடம். அவர் அப்போது ஜெராச்சேக்கு வெளியே இருந்தார்.

இப்போது தம்பியின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். கொடுக்க வேண்டிய சொத்தைக் கொடுக்காத அண்ணன் மாற்றான் சிறையில் கிடக்கிறார். தம்பி ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும். மொத்த அபுலியாவும் கலாபிரியாவும் மடியில் வந்து விழும். ரோஜர் சும்மா இருக்கவில்லை. கண்ணீரோடு ஓடி வந்தார். ஊரின் பெரியவர்களை வெளியே அழைத்தார். அழுகையைத் துடைத்துக்கொண்டு ஒரு நாடகம் ஆடினார் பாருங்கள்! "என் எதிரியைப் பிடித்துக் கொடுத்ததற்கு நன்றி. உங்கள் கையால் அவனைத் தண்டிக்காதீர்கள். அவன்மேல் எனக்குத்தான் கோபம் அதிகம். என்னிடம் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். கொடுக்காவிட்டால் உங்கள் திராட்சைத் தோட்டத்தையும் ஒலிவ மரங்களையும் வேரோடு பிடுங்குவேன்." உயிரை எடுப்பேன் என்று அவர் மிரட்டவில்லை. தோட்டத்தை எடுப்பேன் என்றார். விவசாயி எதற்குப் பயப்படுவான் என்று தெரிந்த மனிதர்!

கொடுத்துவிட்டார்கள். கதவு திறந்தது. கொல்லத்தான் போகிறார் என்று ஊர் மதில்மேல் நின்று பார்க்கிறது. அண்ணன் வெளியே வருகிறார். தம்பி எதிரே போகிறார். கிட்டே போய்க் கட்டிப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் ஓவென்று அழுகிறார்கள்! மதில்மேல் நின்றவர்களின் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

கொஞ்சம் முன்பு எதிரணியின் இளைஞர் அண்ணனின் தந்திரத்தைப் புகழ்ந்தார். செத்தவர் போல ஒருவரைப் பாடையில் கிடத்தி, அடியில் வாள்களை மறைத்து, மடத்துக்குள் நுழைந்து கோட்டையைப் பிடித்த கதையைப் பத்து நிமிடம் சொன்னார். நல்ல கதைதான். ஆனால் அதே போன்ற கதையை ராபர்ட்டுக்கு முந்தைய வட நாட்டுக் கடற்கொள்ளையர் தலைவர்கள்மேலும் ஏற்றிச் சொல்கிறார்கள். பாடை வாடகைப் பாடை, ஐயா! ஜெராச்சேயில் நடந்ததைப் பாருங்கள். முக்காடு போட்டவர் தந்திரக்காரரா, முக்காட்டுக்குள் மாட்டியவரை மீட்டவர் தந்திரக்காரரா? தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று ஊரெல்லாம் சொல்கிறதே, அந்தப் பழமொழியில் அண்ணனுக்கு என்று தனியாக ஏதாவது பங்கு இருக்கிறதா?

வாதம் எங்கே என்று எதிரணி முணுமுணுக்கிறது. இதோ, விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பாரி நகரை ராபர்ட் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் முற்றுகையிட்டார். 1071இல் தம்பி கப்பல்களோடு வந்து பைசாந்தியத் துணைப்படையை முறியடித்த பிறகுதான் நகரம் பணிந்தது. 1072 ஜனவரியில் சிசிலியின் பலெர்மோ நகரை இருவரும் சேர்ந்து பிடித்தார்கள். அதன்பின் அண்ணன் மேற்கொண்டு நாடு தேடிப் போய்விட்டார். 1081இல் பைசாந்தியத்தின்மேல் படையெடுப்பு. 1084இல் போப்பை மீட்கப் போய் ரோம் நகரையே சூறையாடவிட்டார். 1085இல் கெஃபலோனியாத் தீவில் காய்ச்சலில் இறந்தார். தம்பியோ சிசிலியிலேயே கிடந்தார். பலெர்மோவுக்குப் பின் தீவின் கடைசி ஊரான நோத்தோ பணிய 1091 ஆகிவிட்டது. எத்தனை பொறுமை! சிசிலியின் காஸ்த்ரொஜொவான்னி மலைக்கோட்டையின் முஸ்லிம் தலைவர் இப்னு ஹம்மூதின் மனைவியும் பிள்ளைகளும் 1086இல் ரோஜரிடம் சிக்கினார்கள். மரியாதையாக வைத்திருந்தார். சரணடைந்தால் தன் ஆட்கள் முன் தலைகுனிவாகுமே என்று ஹம்மூது தயங்கியபோது, வழியில் பதுங்கியிருந்து பிடிப்பது போல ஓர் ஏற்பாடு செய்து, அவர் மானத்தையும் காப்பாற்றிக் கோட்டையையும் வாங்கிக்கொண்டார். பின்பு கலாபிரியாவில் நிலமும் கொடுத்துக் குடியேற்றினார்.

ராபர்ட் இறந்ததும் அவர் மகன்கள் பொஹிமண்டும் ரோஜர் போர்ஸாவும் சொத்துக்கு அடித்துக்கொண்டார்கள். 1127இல் பேரன் பிள்ளையில்லாமல் இறந்தார். அண்ணன் சேர்த்தது எல்லாம் யாருக்குப் போனது? தம்பியின் மகன் இரண்டாம் ரோஜருக்கு! 1130 கிறிஸ்துமஸ் நாளில் பலெர்மோவில் அரசராக முடிசூடியவர் அவர். எதிரணியிடம் இதற்குப் பதில் இருந்தால் பிறகு கேட்டுக்கொள்கிறேன்.

ஏனென்றால் ட்ராய்னாவைச் சொல்லாமல் நான் இறங்க முடியாது.

ஜெராச்சேக்குப் பிறகு, அதே 1062இல், ரோஜர் முந்நூறு வீரர்களோடு சிசிலியின் மலையூரான ட்ராய்னாவுக்குப் போனார். ஜூடித்தும் உடன் போனாள். மணமாகி ஓராண்டுகூட ஆகாத பெண். அங்கே இருந்த கிரேக்கர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ரோஜரின் வீரர்களால் தங்கள் வீட்டுப் பெண்களுக்கு முறைகேடு நேருமோ என்ற அச்சமே காரணம். குற்றம் ரோஜரின் படைமேல்தான், மறைக்க மாட்டேன். சுற்றுவட்டாரத்து முஸ்லிம்களும் கிரேக்கர்களோடு சேர்ந்துகொண்டார்கள். ஊருக்குள்ளேயே தடுப்பு எழுந்தது. நான்கு மாதம் முற்றுகை. எட்னா எரிமலைக்கு அருகே, மலைக் குளிர். ஒரு நாள் சண்டையில் ரோஜரின் குதிரை குத்துப்பட்டு விழுந்தது. சுற்றிலும் பகைவர். வாளைச் சுழற்றி வழி உண்டாக்கிக்கொண்டவர் ஓடிவிடவில்லை. குனிந்து, செத்த குதிரையின் சேணத்தை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தார். இது மெல்ஃபிக் குதிரை இல்லை, அம்மையாரே. ஆனால் சேணம்கூட வீணாகக் கூடாது என்று நினைத்த கை, வறுமையை அறிந்த கை.

அவருக்கும் ஜூடித்துக்கும் சேர்த்து ஒரே மேலாடைதான் இருந்தது. வெளியே போகிறவர் போர்த்திக்கொள்வார். மற்றவர் நடுங்கிக்கொண்டு உள்ளே இருப்பார். தாகத்துக்குத் தண்ணீர் கிடைத்தது. பசிக்குக் கண்ணீரும் உறக்கமும்தான் என்று எழுதுகிறார் துறவி. உயர்குடியில் பிறந்தவள். "உன் அண்ணன் கொடுக்காத நிலத்துக்காக என்னை ஏன் இங்கே கொண்டுவந்தாய்?" என்று அவள் கேட்டதாக எங்கும் இல்லை. குளிருக்காகக் குடித்துவிட்டு எதிரியின் காவலர்கள் தூங்கிய ஓர் இரவில் ரோஜர் பாய்ந்தார், ஊர் மீண்டது. குதிரைகள் வாங்கிவர அவர் இத்தாலிக்குப் போனார். ட்ராய்னா யார் பொறுப்பில்? ஜூடித்தின் பொறுப்பில். நாள்தோறும் அவளே காவல் முறைகளைச் சுற்றிப் பார்த்து, தூங்கி விழுந்த வீரர்களிடம் நல்ல வார்த்தை சொல்லி விழிக்க வைத்தாள். 1076இல் இறந்துபோனாள். சிசிலி முழுவதும் கணவன் கைக்கு வந்ததை அவள் பார்க்கவில்லை. முடிசூடிய மகனும் அவள் வயிற்றில் பிறந்தவன் அல்ல.

மணி அடித்துவிட்டார்கள், தெரிகிறது. வெனோசாவில் ராபர்ட்டின் கல்லறையில் அவரை "உலகின் அச்சம்" என்று பொறித்திருந்ததாக எதிரணி பெருமைப்பட்டது. அந்தப் பெருமையை அவர்களே வைத்துக்கொள்ளட்டும், நடுவர் அவர்களே. தீர்ப்பை எங்கள் அணிக்குத் தராவிட்டாலும் பரவாயில்லை. என் அணித்தலைவர் முறைக்கிறார், முறைக்கட்டும். அந்த ஜூடித்துக்குக் கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.