சனிக்கிழமைச் சம்பளமும் புதுச் சட்டமும்

வணக்கம் நேயர்களே. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. பழைய சட்டங்கள் 29 அவற்றுக்குள் அடங்கிவிட்டன. அப்போதிருந்து திருப்பூர், பல்லடம் பக்கம் எங்கே போனாலும் ஒரே கேள்விதான்: "ஏனுங்க, இதெல்லாம் பெரிய மில்லுக்குத்தானுங்களே? நம்ம பன்னெண்டு மிசின் கம்பெனிக்கு என்னங்க?"

அந்த நான்கில் ஒன்றான ஊதியச் சட்டத் தொகுப்பில், இத்தனை ஆள் இருந்தால்தான் பொருந்தும் என்ற கணக்கே கிடையாது. ஒரே ஒரு டெய்லர் இருந்தாலும் பொருந்தும்.

டீக்கடைப் பேச்செல்லாம் 50 சதவீத விதியைப் பற்றித்தான்: படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டும் தொகை ஊதியமாகவே கணக்காகும். மொத்தச் சம்பளம் 20,000. அடிப்படை 7,000, மீதி வாடகைப்படி, பயணப்படி என்று வைத்துக்கொள்வோம். படிகள் 13,000; பாதியான 10,000-ஐத் தாண்டும் 3,000 ரூபாயும் இனி ஊதியத்தில் சேரும். பத்து வருட வேலைக்கு 7,000 அடிப்படையில் 40,385 ரூபாயாக வந்த பணிக்கொடை (கிராஜுவிட்டி), 57,692 ஆகும். இதை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். தைக்கிற பீஸ் கணக்குக்குக் கூலி கொடுக்கும் பீஸ் ரேட்டில் ஓடுகிற கம்பெனியில் படியே கிடையாதே! ஆட்குறைப்புக்கு அரசின் அனுமதி வாங்க வேண்டிய வரம்பு 100 ஆளிலிருந்து 300 ஆனதும் அப்படித்தான், சின்ன முதலாளிக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

நம் பக்கத்துக்கு உண்மையான சிக்கல் வேறு. வேலையை விட்டு நின்றாலும் சரி, நிறுத்தினாலும் சரி, இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும். "பில் பாஸாகட்டும், அடுத்த சனிக்கிழமை வா" என்பது இனி செல்லாது. சம்பளம் வரவில்லை என்று புகார் செய்ய, தொழிலாளிக்கு மூன்று வருட அவகாசம் உண்டு. அப்புறம் முக்கியமானது: கொடுத்தாயிற்று என்று நிரூபிக்க வேண்டியது முதலாளிதான்.

சனிக்கிழமை சாயங்காலம் காண்ட்ராக்டர் கையில் மொத்தப் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். அவர் டெய்லர், கைமடி (டெய்லருக்கு உதவியாள்), செக்கிங் என்று பிரித்துத் தருகிறார். யாருக்கு எவ்வளவு என்பது அவருடைய சின்ன நோட்டில் மட்டும் இருக்கும். ஒடிசாவுக்கோ பீகாருக்கோ ஊர் போன ஆள் இரண்டு வருடம் கழித்துக் கேட்டால், அந்த நோட்டை எங்கே தேடுவது? காண்ட்ராக்டர் கொடுக்காமல் விட்டால், அந்தக் கடனும் கம்பெனி தலையில்தான் விழும். அதனால் முடிந்தவரை ஆளாளுக்கு நேராக வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். எத்தனை பீஸ், என்ன ரேட், எவ்வளவு பிடித்தம் என்று சம்பளச் சீட்டும் கொடுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் பணி நியமனக் கடிதமும் வேண்டும்.

தீபாவளி அட்வான்ஸ் கொடுக்கும்போதும் கையெழுத்து வாங்குங்கள். அதைத் திருப்பிப் பிடிக்கும்போது, மற்றப் பிடித்தங்களையும் சேர்த்து அந்த வாரச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. மீதியை அடுத்த வாரம்தான் பிடிக்க முடியும்.