லயத்துல டவர் கிடைச்சா என்னத்தத் தேடுறது

(மூணாறுல தேயிலைத் தோட்டத்துப் பொம்பளைங்களோட மகளிர் தினக் கூட்டத்துல பேசினது. லயம்னா தோட்டத் தொழிலாளிங்க குடியிருக்கிற வரிசை வீடு. ஒரு தங்கச்சி போன்ல ரெக்கார்டு பண்ணி வச்சிருந்துச்சு, அதக் கேட்டுக் கேட்டு பேசின மாதிரியே டைப் பண்ணியிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். முன்னால உக்காந்திருக்கிற ஆச்சிமாருக்கு, கொழுந்துக் கறை கையோட நேரா வந்திருக்கிற அக்காமாருக்கு, கதவோரம் நிக்கிற தம்பிமாருக்கும் சேத்துத்தான் வணக்கம்.

உலகம் பூரா பொம்பளைங்க உரிமைக்குப் போராடுறதுக்கு இன்டர்நெட்டுல என்னென்ன இருக்குன்னு பேசச் சொன்னாங்க. நான் அக்ஷயா சென்டர்ல, அதான் கேரளா கவர்மென்ட்டோட சேவை மையத்துல, பதினோரு வருஷமா மனு டைப் பண்ணிக் குடுக்குறேன், ரேஷன் கார்டு, விதவை பென்ஷன், பிள்ளைங்க ஸ்காலர்ஷிப்னு தினமும் உங்க முகத்தப் பாத்துக்கிட்டே இருக்கேன், அதுல ஒண்ணு நல்லாப் புரிஞ்சிருக்கு. நமக்கு வர வேண்டியது நம்ம கைக்கு வராமப் போறதுக்கு பாதிக் காரணம், அப்படி ஒண்ணு இருக்குன்னே நமக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் அது மலையாளத்துலயோ இங்கிலீஷ்லயோ இருக்கும், யாராவது படிச்சுச் சொல்ற வரைக்கும் நாம வாசல்ல நிக்கணும்.

வெப்சைட் பேரெல்லாம் சொல்றதுக்கு முன்னாடி டவரப் பத்திப் பேசிடணும். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில மலை இறங்கி லயத்தோட எழுபது பேரு போனாங்களே, இங்க இருக்கிற பல பேருக்கு அதுல சொந்தம் உண்டு. கரண்டு இல்ல, டவர் இல்ல, ராத்திரி நடந்தது விடிஞ்சப்புறம்தான் வெளியுலகத்துக்கே தெரிஞ்சுது. அதனால உலகத்துப் பெண்ணுரிமை வெப்சைட் எத்தன இருந்தாலும் நம்ம லயத்துல சிக்னல் வேணும்னு கேக்குறதுதான் முதல் உரிமை, அத சின்ன விசயம்னு யாராச்சும் சொன்னா ஒத்துக்காதீங்க.

ரெண்டாவது, போன் யார் கைல இருக்கு? கோழிக்கோடு பக்கம் ஒரு காலேஜ் ஹாஸ்டல்ல சாயந்தரம் ஆறு மணில இருந்து பத்து மணி வரைக்கும் பொண்ணுங்க போன் தொடக்கூடாதுன்னு ரூல் போட்டாங்க, ஒரு பொண்ணு முடியாதுன்னுச்சு, ஹாஸ்டல விட்டு வெளிய அனுப்பிட்டாங்க. அந்தப் பொண்ணு ஹைகோர்ட்டுக்குப் போச்சு. 2019 செப்டம்பர்ல கேரளா ஹைகோர்ட்டு சொல்லுச்சு, இன்டர்நெட் பாக்குற உரிமை படிப்புரிமையிலயும் அந்தரங்க உரிமையிலயும் சேந்ததுன்னு. இத ஏன் சொல்றேன்னா நம்ம வீட்டுலயும் போன் அண்ணன்கிட்டயும் வீட்டுக்காரர்கிட்டயும்தான் இருக்கு, பாஸ்வேர்டும் அவங்களுக்குத்தான் தெரியும், அப்படி இருக்கையில அடி வாங்குற ஒரு அக்கா உதவி நம்பர எங்க போயித் தேடுவாங்க? தேடினாலும் தேடினது அந்த போன்லயே கிடக்குமே, அத அவர் பாக்க மாட்டாரா? அதனால சொல்றேன், அழிக்கத் தெரிஞ்சுக்கோங்க, முடியலைன்னா பக்கத்து வீட்டு மதினி போன்ல இருந்து 181க்குக் கூப்பிடுங்க.

இப்ப உலகத்துக்கு வாரேன். ஐ.நா. சபையில பொம்பளைங்களுக்குன்னு ஒரு ஒப்பந்தம் இருக்கு, சீடான்னு சொல்லுவாங்க, 1979ல நிறைவேத்தினது, நம்ம நாடு 1993ல ஏத்துக்கிச்சு. ஏத்துக்கிட்ட ஒவ்வொரு நாடும் நாங்க இதெல்லாம் செஞ்சிருக்கோம்னு அப்பப்ப ரிப்போர்ட் குடுக்கணும், இருபத்தி மூணு பேரு இருக்கிற ஒரு கமிட்டி அதப் படிச்சு கேள்வி கேக்கும். கவர்மென்ட் ரிப்போர்ட்டுல எல்லாம் நல்லா இருக்குன்னுதான் இருக்கும், அது எல்லா ஊர்லயும் அப்படித்தான். ஆனா அதோட சேத்து சங்கங்களும் அமைப்புகளும் தனியா ஒரு ரிப்போர்ட் அனுப்பலாம், நிழல் அறிக்கைன்னு பேரு. அந்த ரிப்போர்ட், இந்த ரிப்போர்ட், கமிட்டி சொன்ன முடிவு எல்லாத்தையும் ஐ.நா. மனித உரிமை ஆபீஸ் வெப்சைட்டுல யார் வேணா காசில்லாம எடுத்துப் படிக்கலாம். அந்த அறிக்கைய எப்படி எழுதுறதுன்னு சொல்லிக் குடுக்கவே மலேசியாவுல ஒரு அமைப்பு இருக்கு, ஐவ்ரா ஏசியா பசிபிக்னு, அவங்க எழுதி வச்ச கையேடும் இன்டர்நெட்டுலயே கிடக்கு.

அந்தக் கமிட்டி இந்தியாவ 2014 ஜூலைல உக்கார வச்சு கேள்வி கேட்டுச்சு. அதுக்கு அடுத்த வருஷம், 2015 செப்டம்பர்ல, நாம இதே மூணாறு ரோட்டுல உக்காந்தோம். பத்தொம்பது சதவீதம் இருந்த போனஸ தோட்டக் கம்பெனி பத்து ஆக்குச்சுன்னு ஒன்பது நாள், யூனியன் தலைவர்மார பக்கத்துல விடாம, ஆயிரக்கணக்குல பொம்பளைங்க, பொம்பளை ஒற்றுமைன்னு பேரு வச்சுக்கிட்டு. கடைசில இருபது சதவீதம் வாங்குனோம். அது ஒரு வாரம் டிவி பூரா ஓடுச்சு, இன்னைக்கும் இங்கிலீஷ்ல தேடினா கட்டுரை வருது, மலையாளத்துல வருது. தமிழ்ல, கொழுந்து பறிச்ச ஒரு அக்கா தன் வாயால சொன்னது எங்கன்னு நான் ராத்திரி ராத்திரியா தேடியிருக்கேன், தேடினவரைக்கும் ரொம்பக் கொஞ்சம்தான் கிடைச்சுது. இது எனக்குப் பெரிய வலி. நடத்துனது நாம, எழுதி வச்சிருக்கிறது மத்தவங்க.

மத்த ஊர்ல பொம்பளைங்க என்ன பண்ணியிருக்காங்கன்னு பாருங்க. 1995ல சீனாவுல பெய்ஜிங்ல உலகப் பெண்கள் மாநாடு நடந்துச்சு, அப்ப நம்ம பக்கம் கம்ப்யூட்டர்னா படத்துல பாக்குறதுதான். அங்க ஏபிசின்னு (APC) ஒரு அமைப்போட பொம்பளைங்க மட்டுமே இருந்த டீம் போயி கம்ப்யூட்டர வச்சுக்கிட்டு வந்தவங்களுக்கெல்லாம் ஈமெயில் அனுப்பச் சொல்லிக் குடுத்தாங்க. அன்னைக்கு மாநாட்டுல நடந்தது அன்னைக்கே அவங்கவங்க ஊருக்குப் போச்சு. எகிப்துல 2010ல ஹராஸ்மேப்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, தெருவுல ஒருத்தன் தொந்தரவு பண்ணா எந்த இடம், என்ன பண்ணான்னு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினா மேப்புல புள்ளி விழுந்துச்சு. பட்டன் போனே போதுமா இருந்துச்சு அதுக்கு. அந்த மேப் போட்ட சாப்ட்வேர் எங்க பிறந்துச்சு தெரியுமா, அமெரிக்காவுல இல்ல, கென்யாவுல, 2008ல எலக்சன் கலவரம் நடந்தப்ப எங்க அடிதடி நடக்குதுன்னு சொல்ல உண்டாக்குனது.

சவுதில பொம்பளைங்க கார் ஓட்டத் தடை இருந்துச்சு. மனால் அல் ஷரீஃப்னு ஒரு அம்மா 2011 மே மாசம் கார் ஓட்டுனாங்க, அத வீடியோ எடுத்து யூடியூப்ல போட்டாங்க, ஒன்பது நாள் ஜெயில்ல வச்சாங்க. ஏழு வருஷம் கழிச்சு 2018 ஜூன் 24ல அந்தத் தடைய எடுத்தாங்க. ஆனா எடுக்குறதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் அதுக்காகப் போராடுன லூஜைன் அல் ஹத்லூல் மாதிரி பொண்ணுங்களப் புடிச்சு உள்ள போட்டாங்க, லூஜைன் வெளிய வந்தது 2021 பிப்ரவரில. இதையும் சேத்துச் சொல்லணும், இன்டர்நெட்டுல போட்டா உடனே ஜெயிச்சுரலாம்னு நான் பொய் சொல்ல மாட்டேன்.

ரொம்ப தூரம் போக வேணாம். துணிக்கடைல நாள் பூரா நின்னே வேலை பாக்கணும்னு இருந்தத கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவுல இருந்து பி. விஜியும் பெண்கூட்டுங்கிற பெண்கள் அமைப்பும் எதுத்து நின்னு எதுத்து நின்னு, 2018ல கேரளாவுல உக்காருற உரிமை சட்டமாச்சு. 2021ல தமிழ்நாட்டுலயும் அதே சட்டம் வந்துச்சு. இங்க இருந்து போடி, தேனின்னு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போயிருக்கிற நம்ம பொண்ணுங்களுக்கு இதச் சொல்லுங்க, ஸ்டூல் கேக்கலாம், தப்பில்ல.

அடுத்தது சொல்றதுக்கு எனக்கே தொண்டை அடைக்குது. எங்கிட்ட ஒரு பொண்ணு வந்துச்சு, பேர் ஊர் எதுவும் சொல்ல மாட்டேன். பழகுன பையன் போட்டோவ வச்சுக்கிட்டு போட்டுருவேன் போட்டுருவேன்னு மெரட்டுறான். அது சாகப் போறேன்னுதான் வந்துச்சு. அன்னைக்கு எனக்கு ஒண்ணும் தெரியல, கூட உக்காந்து அழுதேன், அவ்வளவுதான் முடிஞ்சுது. இப்ப தெரியும். ஸ்டாப் என்சிஐஐ டாட் ஓஆர்ஜின்னு (StopNCII.org) ஒரு சைட் இருக்கு, 2021 டிசம்பர்ல ஆரம்பிச்சது. நம்ம போட்டோவ யாருக்கும் அனுப்ப வேணாம், நம்ம போன்லயே இருந்து அந்தப் படத்துக்கு கைரேகை மாதிரி ஒரு நம்பர் உண்டாக்கும், அந்த நம்பர் மட்டும்தான் போகும், அதுல சேந்திருக்கிற ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மாதிரி கம்பெனிங்க அதே கைரேகை உள்ள படம் அவங்ககிட்ட வந்தா கண்டுபுடிச்சு எடுக்கப் பாக்கும். பதினெட்டு வயசுக்குக் கீழன்னா டேக் இட் டவுன்னு வேற சைட். போலீசுக்குச் சொல்ல சைபர்கிரைம் போர்ட்டல் இருக்கு, இந்த மாதிரி கேசுல பேர் சொல்லாமலே புகார் குடுக்க வழி வச்சிருக்காங்க. அம்மாமாரே, உங்க பொண்ணு இப்படி வந்து நின்னா முதல்ல திட்டாதீங்க, மெரட்டுனவன்தான் குத்தவாளி. அவன் கேட்ட காசையும் குடுக்காதீங்க, குடுத்தா மறுபடியும் கேப்பான்.

வக்கீலுக்குக் காசில்லன்னு நிறைய பேரு நின்னுர்றீங்க. 1987 சட்டப்படி கோர்ட்டு விசயத்துல பொம்பளைக்கு இலவசமா வக்கீல் வச்சுக் குடுக்கணும், வருமானம் எவ்வளவுன்னு பாக்குறது கிடையாது. நம்பர் 15100. இத எழுதி அடுப்பாங்கரைல ஒட்டி வைங்க.

நான் இப்படிப் பேசி முடிச்சதும் நல்லதண்ணி எஸ்டேட் பக்கத்துல இருந்து வந்த ஒரு ஆச்சி எந்திரிச்சாங்க. எனக்கு எழுதத் தெரியாதேம்மா, வாயால சொன்னா அந்த இன்டர்நெட்டு எடுத்துக்குமான்னு கேட்டாங்க. எடுத்துக்கும் ஆச்சின்னேன். 2015ல ரோட்டுல உக்காந்தப்ப ராத்திரிக் குளிருக்கு என்ன போத்துனீங்க, கஞ்சி யாரு கொண்டுவந்தா, வீட்டுல பிள்ளைய யாரு பாத்துக்கிட்டா, அதெல்லாம் சொல்லுங்கன்னேன். ஆச்சி அப்படியே நின்னுக்கிட்டே ஆரம்பிச்சுட்டாங்க, மைக் இல்ல, யாரும் அசையல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு நான் அவங்க லயத்துக்குப் போறேன், ரெண்டு காலேஜ் தங்கச்சிங்க கூட வர்றேன்னு சொல்லியிருக்காங்க, ஒண்ணு ரெக்கார்டு பண்ணும், ஒண்ணு கேட்டு தமிழ்ல எழுதும், இங்கிலீஷ்ல மாத்தத் தெரிஞ்சவங்க இருந்தா நீங்களும் வாங்க. சார்ஜர் மறக்காதீங்க, அங்க மத்தியானத்துல கரண்டு போகும்.