கேசட்டில் அடுத்து என்ன பாட்டு? ரங்கூன் வீட்டிலிருந்து ஒரு விளக்கம்

(திரையில்: இருட்டான அறை, ஒரு மெழுகுவர்த்தி, பக்கத்தில் மூடி உடைந்த கேசட் பெட்டி)

வணக்கம், ரங்கூனிலிருந்து பேசுகிறேன். 1989லேயே யாங்கோன் என்று பெயரை மாற்றிவிட்டார்கள், ஆனால் எங்கள் வீட்டில் இன்னும் ரங்கூன்தான். கரண்ட் போய் இரண்டு மணி நேரம் ஆகிறது, அதனால்தான் இந்த மெழுகுவர்த்தி, பேய் வீடியோ என்று பயந்துவிடாதீர்கள். போனில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கிறது. அதற்குள் சொல்லி முடிக்கப் பார்க்கிறேன்.

போன வாரம் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைப் பையன் போனில் ஒரு பழைய பர்மியப் பாட்டைப் போட்டான், எண்பதுகளில் வந்தது. முதல் கிடார் கம்பி அதிர்ந்ததுமே முழுப் பாட்டும் எனக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. அதுகூடப் பெரிதில்லை. பாட்டு முடிந்ததும் என் வாய் தானாக இன்னொரு பாட்டின் முதல் வரியைத் தொடங்கியது, போனில் வந்ததோ சம்பந்தமே இல்லாத வேறொன்று. சப்பென்று ஆகிவிட்டது. பிறகுதான் புரிந்தது: கிட்டத்தட்ட 40 வருடத்துக்கு முன்னால் நான் தேயத் தேயக் கேட்ட ஒரு கேசட்டில் அந்தப் பாட்டுக்கு அடுத்தது இதுதான். நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் நான் யோசிக்க வேண்டும், ஆனால் அந்தக் கேசட்டின் வரிசை மட்டும் மண்டையில் அப்படியே இருக்கிறது.

இது ஏன் என்றுதான் இந்த வீடியோ.

(திரையில்: ஒரு கோடு, பத்து வயதில் ஏறி முப்பதில் இறங்குகிறது)

நாற்பது, ஐம்பது வயது தாண்டியவர்களிடம் வாழ்க்கையில் நினைவுக்கு வருவதையெல்லாம் சொல்லச் சொன்னால், அண்மை வருடங்களை விட்டுவிட்டால், அவர்கள் சொல்வதில் நிறைய 10 வயதுக்கும் 30 வயதுக்கும் நடுவில் நடந்ததாக இருக்கிறது. வயதைக் கீழே போட்டு, நினைவுகளை எண்ணி மேலே வரைந்தால் அந்த இடத்தில் ஒரு மேடு எழும்பும். 1986ல் டேவிட் ரூபினும் அவருடைய கூட்டாளிகளும் இதை எழுதினார்கள். நான் இதை நினைவு மேடு என்று சொல்லிக்கொள்கிறேன். பாட்டுக்கென்று தனியாகவும் பார்த்திருக்கிறார்கள். 1989ல் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரண்டு பேர் அமெரிக்காவில் 108 பேருக்கு வெவ்வேறு காலத்துப் பாட்டுகளைப் போட்டுக் காட்டி, எது எவ்வளவு பிடிக்கிறது என்று கேட்டார்கள். ஒருவருக்குச் சராசரியாக 23, 24 வயது இருக்கும்போது வந்த பாட்டுதான் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எனக்கு அது 15 வயதுப் பாட்டு. சராசரி என்றால் அப்படித்தான், முன்னே பின்னே இருக்கும்.

காரணம் ஒன்று மட்டும் இல்லை. அந்த வயதில் எல்லாமே முதல் தடவையாக நடக்கிறது, முதல் தடவை நடப்பதை மூளை கொஞ்சம் அழுத்தியே எழுதி வைத்துக்கொள்கிறது. அதோடு, நான் யார், எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதை ஒருவன் முடிவு செய்வதும் அப்போதுதான். அதுவரை வீட்டு ரேடியோ பாடுவதைக் கேட்டவன் அந்த வயதில்தான் தன் காசில் ஒரு பாட்டை வாங்குகிறான்.

காசு என்றதும் ஒரு கிளைக்கதை. 1987 செப்டம்பரில் எனக்கு 15 வயது. ஒரு கேசட் வாங்க வேண்டும் என்று சில்லறை சில்லறையாகச் சேர்த்து, அதை ஒரு 75 கியாட் நோட்டாக மாற்றி, கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். (ஆமாம், எங்கள் ஊரில் 75 ரூபாய் நோட்டு மாதிரி ஒன்று இருந்தது, 35ம் இருந்தது.) ஒருநாள் காலையில் 25, 35, 75 மூன்றும் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். மாற்றிக்கொள்ளவும் வழி இல்லை. அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்தது கடைக் கல்லாவை நினைத்து, நான் அழுதது அந்தக் கேசட்டை நினைத்து. கடைசியில் சிநேகிதன் வீட்டுக் கேசட்டை இரவல் வாங்கி ஒரு வெற்றுக் கேசட்டில் பதிந்துகொண்டேன். டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டது அந்தக் கேசட்தான். இப்போது சொல்லுங்கள், அது பாட்டின் அருமையா, அந்த 75 கியாட்டின் வலியா?

(திரையில்: கேசட் ஓட்டையில் பென்சிலை விட்டுச் சுற்றும் கை)

அப்புறம் தேய்மானம். கையில் நாலு கேசட்தான் இருந்தால் அந்த நாலைத்தான் திரும்பத் திரும்பக் கேட்க முடியும். பாட்டரி தீர்ந்துவிடக் கூடாது என்று பென்சிலை விட்டுச் சுற்றி முன்னுக்குக் கொண்டுவருவோம், கை வலிக்கும், அதனால் பிடிக்காத பாட்டைத் தாண்டிப் போகக்கூட மாட்டோம், அதுவும் பழகிப்போகும். ராபர்ட் ஜயன்ஸ் என்ற உளவியலாளர் 1968லேயே காட்டியது இது: ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே, கேட்டாலே, வேறு காரணம் எதுவும் இல்லாமல் அதன்மேல் ஒரு பிரியம் வந்துவிடுகிறது.

பழகிய பாட்டில் இன்னொரு விஷயமும் உண்டு, அடுத்து என்ன வரும் என்று தெரிவது. 2011ல் கனடாவில் மாண்ட்ரியலில் வலோரி சலிம்பூர் குழுவினர், பாட்டுக் கேட்டுப் புல்லரிக்கிறவர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். டோபமைன் என்ற ரசாயனம் அந்தச் சிலிர்ப்பான இடத்தில் ஒரு பகுதியில் சுரந்தது, அந்த இடம் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே இன்னொரு பகுதியில் சுரந்துவிட்டது. பிரியாணிச் சட்டியின் மூடியைத் திறப்பதற்கு முன்னாலேயே வாயில் எச்சில் ஊறுகிற மாதிரி. புதுப் பாட்டில் இந்த முன்னெதிர்பார்ப்பு கம்மி, எங்கே தூக்கும் எங்கே இறக்கும் என்று நமக்குத் தெரியாதே. அதனால்தான் "இந்தக் காலத்துப் பாட்டெல்லாம் பாட்டா" என்கிறோம். நியாயமே இல்லாத பேச்சு அது. எண்பதுகளில் வந்த குப்பைகளை நானும் கேட்டிருக்கிறேன். அவை மறந்துபோய்விட்டன, நல்லது மட்டும் வடிகட்டி நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, இதெல்லாம் எந்த ஊர்க்காரனுக்கும் பொருந்தும். எங்கள் வீட்டுக்கென்று ஒரு விசித்திரம் இருக்கிறது, அதற்குத்தான் வருகிறேன்.

(திரையில்: பழைய வால்வு ரேடியோ)

அப்பா 1944ல் பிறந்தவர். அவருடைய மேடு கிட்டத்தட்ட 1958லிருந்து 1968 வரை. அந்தப் பத்து வருடமும் அவருக்கு இலங்கை வானொலிதான். போர்க்காலத்தில் தென்கிழக்காசியப் படைகளுக்காக பிரிட்டிஷார் கொழும்பில் வைத்த சிற்றலை வசதி, போர் முடிந்து இலங்கை வானொலியிடம் வந்தது. 1950ல் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கியது. 1952ல் இந்திய வானொலி சினிமாப் பாட்டுக்குக் கதவைச் சாத்தியபோது இந்தியாவே கொழும்பைத்தான் கேட்டது, 1957ல் விவித்பாரதி வரும்வரை. வங்கக்கடலுக்கு இந்தப் பக்கம் நாங்களும் அதே அலையில் தொங்கிக்கொண்டிருந்தோம்.

சிற்றலை நேராக வருவதில்லை. வானத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. ஒரே பாட்டு இரண்டு மூன்று வழியாக வந்து சேரும், சில நொடி ஒன்றுக்கொன்று கைகொடுக்கும், சில நொடி ஒன்றையொன்று அழித்துவிடும். அதனால் சத்தம் அலை மாதிரி பொங்கிப் பொங்கி அடங்கும். அப்பா தன் இளமைக்காலம் முழுக்க தமிழ்ப் பாட்டை இப்படித்தான் கேட்டிருக்கிறார். சில வருடம் முன்பு அவருக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சுத்தமான ஒலியில் போட்டுக் காட்டினேன், வயலினும் தபலாவும் தனித்தனியாகக் கேட்கிற மாதிரி. கொஞ்ச நேரம் கேட்டார். "நல்லாத்தான்பா இருக்கு. ஆனா இது வேற யாரோ பாடுறாங்க" என்றார்.

நான் சிரித்தேன். பிறகு எனக்கே அது நடந்தது. எங்கள் பிளேயரில் பெல்ட் தளர்ந்துபோய் நாடா மெதுவாகத்தான் ஓடும், பாடகர்களின் குரல் கொஞ்சம் கட்டைக் குரலாகவே கேட்கும். இப்போது அதே பாட்டைச் சரியான வேகத்தில் கேட்டால் ஆள் எங்கேயோ பஸ் பிடிக்க ஓடுகிற மாதிரி இருக்கிறது.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். பர்மாவில் காப்பி தச்சின் என்று ஒன்று உண்டு, தச்சின் என்றால் பாட்டு. வெளிநாட்டு மெட்டை அப்படியே எடுத்து பர்மிய வரிகளைப் போட்டுப் பாடுவது. ஆங்கிலம், இந்தி, சீனம், ஜப்பான், எங்கிருந்தும் மெட்டு வரும். வரிகளைத் தணிக்கைக்குக் காட்டி ஒப்புதல் வாங்கித்தான் கேசட் வெளியிட முடியும் என்ற காலம், ஆகவே பெரும்பாலும் காதல், மழை, அம்மா. இதைத் திருட்டு என்று சொல்கிறவர்கள் உண்டு. என் கருத்து, அந்த வரிகளைப் பொருத்துவதற்கும் நல்ல கை வேண்டும், பர்மிய மொழியில் சொல்லின் தொனி மாறினால் அர்த்தமே மாறிவிடும். நாங்கள் அதை அசலா நகலா என்றெல்லாம் பார்க்கவில்லை, அது எங்கள் பாட்டு. பல வருடம் கழித்து அதில் ஒன்றின் ஆங்கில மூலத்தை முதல் தடவையாகக் கேட்டபோது எனக்கு வந்த கோபம், "இந்த வெள்ளைக்காரன் நம்ம பாட்டைச் சுட்டுட்டானே" என்பதுதான். தப்பு என்று தெரியும். தெரிந்தும் இன்றுவரை அந்த ஆங்கிலப் பாட்டு எனக்கு நகலாகத்தான் கேட்கிறது. மேட்டில் முதலில் ஏறியவனுக்குத்தான் பட்டா.

(திரையில்: கப்பல் ஒன்றின் பழைய படம்)

இப்போது அத்தை. அப்பாவுக்கு இரண்டு வயது மூத்தவர். 1964ல் கடைகளை நாட்டுடைமை ஆக்கியதும் இந்தியர்கள் லட்சக்கணக்கில் கப்பலேறினார்களே, அத்தையும் அவர் கணவரும் அப்படிப் போனவர்கள். போகும்போது அவருக்கு 22 வயது. சென்னையில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் கடை போட்டு, பிள்ளைகளைப் படிக்கவைத்து, 60 வருடம் ஆகிறது அங்கே. தமிழ்நாட்டில் அதற்குப் பிறகு எத்தனை பாட்டு வந்தது, எத்தனை பேர் வந்தார்கள். அத்தை இன்றைக்கும் பாத்திரம் கழுவும்போது பாடுவது ஐம்பதுகளின் பர்மியப் பாட்டு. தண்ணீர்த் திருவிழாவான திஞ்ஞானுக்குப் பாடுவது, நம் சித்திரைப் புத்தாண்டும் அதே நாட்களில்தான் வரும், ஊரெல்லாம் பிடாவுக் மரம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். அத்தையின் பேரன் அதைக் கேட்டுவிட்டு "பாட்டி சைனீஸ் பாடுது" என்கிறானாம்.

பாருங்கள், பர்மாவிலேயே இருந்துவிட்ட தம்பி தமிழ்ப் பாட்டுக்கு ஏங்குகிறார், தமிழ்நாட்டுக்குப் போன அக்கா பர்மியப் பாட்டுக்கு ஏங்குகிறார். ஒரே கூரைக்கு அடியில் வளர்ந்தவர்கள். அப்பாவுக்கு அந்த வயதில் கிடைப்பதற்கு அரிதாக இருந்தது தமிழ், அத்தைக்கு வயதோடு சேர்ந்தே பறிபோனது பர்மா. 1688ல் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவர், ஊரை விட்டு வந்தவர்களின் ஏக்கத்தை ஒரு நோயாகவே எழுதி, "வீடு திரும்புதல்", "வலி" என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்து நாஸ்டால்ஜியா என்று பெயர் சூட்டினார். அத்தையைப் பார்த்தால் சரி என்பார். ஊரை விட்டு நகராமலே ஏங்குகிற அப்பாவை எந்த வார்டில் படுக்கவைத்திருப்பாரோ தெரியவில்லை.

இனி என் மகள். அவளுக்கு 19. 2014ல் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து 1500 கியாட்டுக்கு சிம் விற்க ஆரம்பித்தபோது சின்னப்பிள்ளை, ஆகவே உலகத்துப் பாட்டு மொத்தமும் அவள் கைக்குள்ளேயே வளர்ந்தது. கொரியப் பாட்டுதான் உயிர். ஆனால் தாத்தாவின் இலங்கை வானொலிப் பாட்டு நாலைந்து அவளுக்கு வரி பிசகாமல் தெரியும், அவள் பிறப்பதற்கு 40 வருடம் முன்னால் வந்தவை. இதுவும் அதிசயமில்லை. கரோல் கிரம்ஹான்ஸல் என்பவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 20 வயதுப் பிள்ளைகளிடம் 1955 முதல் 2009 வரையிலான வெற்றிப் பாட்டுகளைப் போட்டுப் பார்த்து 2013ல் எழுதினார்: அவர்களுடைய காலத்துப் பாட்டு போக, அப்பா அம்மாவின் இளமைக்காலத்துக்கும் ஒரு மேடு, அறுபதுகளின் பாட்டுக்கு இன்னொரு மேடு. வீட்டில் யார் எதை முணுமுணுக்கிறார்களோ அதுவும் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்கிறது.

நடுவில் நான்தான் விடுபட்டேன். தாத்தா பாட்டைப் பாடுகிறவள் என் கேசட் பாட்டைச் சீண்டுவதில்லை. நேற்று வற்புறுத்தி உட்காரவைத்து, எல்லாப் பாட்டையும் தேடிப்பிடித்து, என் கேசட் வரிசையிலேயே அடுக்கிப் போட்டுக் காட்டினேன். பக்கம் ஒன்று, பக்கம் இரண்டு, நடுவில் திருப்புவதற்கு ஒரு இடைவெளிகூட விட்டேன். மூன்றாவது பாட்டு முடிகிற சமயம் "அப்பா, இதெல்லாம் ஏன் இவ்வளவு வேகமாப் பாடுறாங்க?" என்றாள். நான் அந்த பெல்ட் கதையை அவளிடம் சொன்னதே இல்லை. எங்கே கேட்டிருப்பாள்? குளிக்கும்போது நான் பாடுவதைத்தான்.

அட, கரண்ட் வந்துவிட்டது. எப்போது போகும் என்று சொல்ல முடியாது, முதலில் மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் ஏற்ற வேண்டும். வைக்கிறேன்.