தொப்புளிலிருந்து கல்லீரல் வரை: பச்சிளங்குழந்தையின் இரத்தக்குழாய்களில் தொற்று

(காட்சி: தொப்புள்கொடியின் குறுக்குவெட்டு வரைபடம்)

வணக்கம். தொப்புள்கொடிக்குள் இரண்டு தமனிகளும் ஒரு சிரையும் உள்ளன. கொடிக்குக் கிளிப் போட்டு வெட்டியதும் இரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. ஆனால் வயிற்றுக்குள் இருக்கும் பகுதி அன்றே மூடி நாராகிவிடுவதில்லை. அந்தச் சிரை கல்லீரலுக்குள் சென்று, குடலின் இரத்தத்தைக் கொண்டுவரும் போர்ட்டல் சிரையின் இடது கிளையில் சேர்கிறது.

(காட்சி: சிரையின் பாதை சிவப்பாக ஒளிர்கிறது)

தொப்புளில் ஸ்டஃபைலோகாக்கஸ், ஈ.கோலை போன்ற கிருமிகள் தொற்றினால், சில குழந்தைகளுக்கு அவை இந்தப் பாதையிலேயே உள்ளே ஏறி, சிரையின் உட்சுவரை அழற்சியுறச் செய்து, அங்கே இரத்தத்தை உறையவைக்கக்கூடும். உறைகட்டி தானே கரைந்துவிடுவதும் உண்டு. கரையாமல் போர்ட்டல் சிரையை அடைத்துக்கொண்டால், அப்போதைக்கு வெளியே எதுவும் தெரியாமல் இருந்து, சில ஆண்டுகள் கழித்து மண்ணீரல் வீங்கி, உணவுக்குழாயில் புடைத்த சிரைகள் வெடித்து, நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென இரத்த வாந்தி எடுக்கக்கூடும். இந்த அடைப்புள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் தொப்புள் தொற்று இருந்தது என்று பொருளல்ல. பலருக்குக் காரணமே தெரிவதில்லை.

குறைமாதக் குழந்தைகளுக்குத் தொப்புள் வழியே செலுத்தும் மெல்லிய குழாயிலும் இதே ஆபத்து உண்டு. அதனால்தான் தேவை முடிந்த பிறகு அதைப் பொதுவாக விட்டுவைப்பதில்லை. குழாய் இருக்கும்போது கால்விரல் நீலமானால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்.

(காட்சி: தண்டையார்பேட்டைத் தெரு, வீட்டின் உட்புறம்)

வடசென்னையின் காசிமேட்டிலும் கொருக்குப்பேட்டையிலும் இன்றும் சில வீடுகளில் கொடியின் மேல் வசம்புச் சாம்பலோ மஞ்சளோ வைக்கிறார்கள். கொடி காய வேண்டும் என்ற பாட்டியின் எண்ணம் சரியானதே; வைக்கும் பொருளில்தான் கிருமி இருக்கக்கூடும். எதுவும் பூசாமல், டயப்பரைத் தொப்புளுக்குக் கீழே மடித்துவிட்டுக் காற்றுப்பட விடுங்கள். கடற்கரைப் புழுக்கத்தில் இது இன்னும் அவசியம்.

தொப்புளைச் சுற்றித் தோல் சிவந்து பரவினாலோ, சீழோ நாற்றமோ வந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்தாலோ, உடல் சுட்டாலும் சில்லிட்டாலும், நிமிடத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினாலும், விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள், ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனையோ ஸ்டான்லி அரசு மருத்துவமனையோ தொலைவில் இல்லை. அங்கே இரத்தத்தில் கிருமிப் பரிசோதனை செய்து, ஊசி வழியே ஆன்டிபயாட்டிக் தருவார்கள். தேவைப்பட்டால் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள். வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் தாளில் தொப்புள் தொற்று என்று எழுதப்பட்டிருக்கிறதா எனப் பார்த்து, அதைப் பத்திரமாக வையுங்கள். பின்னாளில் மண்ணீரல் வீங்கினால் மருத்துவருக்கு அது தேவைப்படும்.